வெளிநாட்டு கேரவனின் கேஸ் சிலிண்டரை மாமல்லபுரத்தில் நிரப்ப முடியுமா? விதிகள் சொல்வது என்ன?

கிழக்கு கடற்கரைச் சாலையில் ஜெர்மனி, பிரான்ஸ் நம்பர் பிளேட்டோடு போகும் வேன்களை அவ்வப்போது பார்க்கலாம். உள்ளேயே படுக்கை, கிச்சன், ஃப்ரிட்ஜ் என்று சக்கரம் வைத்த வீடு அது. சினிமா ஷூட்டிங்கில் நடிகர்களுக்கு நிற்கும் கேரவன் மாதிரிதான், ஆனால் இதில் சமையலும் நடக்கும்.

'கார்னெட்' என்ற சுங்க ஆவணத்தோடு வரும் இப்படிப்பட்ட வண்டி 6 மாதம் வரை இந்தியாவில் சுற்றலாம். ஆனால் அந்தக் கிச்சனுக்கான கேஸ் அவ்வளவு நாள் வராது. ஒரு சின்ன பர்னர் மணிக்கு 150 கிராம் எரிக்கிறது என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ கேஸ் சுமார் 33 மணி நேரம் வரும். தினமும் ஒரு மணி நேரம் சமைத்தால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

தீர்ந்த பிறகு காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு 'எங்கே நிரப்பலாம்?' என்று பயணிகள் விசாரிப்பார்கள். அவர்களுக்கு வழி சொல்ல வேண்டிய கெஸ்ட் ஹவுஸ்காரர்களும் ஆட்டோ ஓட்டுநர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சுருக்கமான பதில்

வெளிநாட்டு சிலிண்டரை இங்கே சட்டப்படி நிரப்ப முடியாது. அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, இந்திய எண்ணெய் நிறுவனங்களின் 5 கிலோ சிலிண்டரை வாங்குவதுதான் வழி. அதற்கு முகவரிச் சான்று தேவையில்லை, அடையாள ஆவணம் போதும்.

ஏன் நிரப்ப முடியாது?

செங்கல்பட்டிலேயே இந்தியன் ஆயிலின் எல்பிஜி பாட்டிலிங் ஆலை இருக்கிறது. ஆனாலும் தனிநபர் ஒருவர் சிலிண்டரோடு கேட் முன்னால் போய் நின்றால் நிரப்பித் தர மாட்டார்கள்.

எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016-ன்படி, பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான 'பெசோ' அங்கீகரித்த சிலிண்டரில் மட்டுமே இந்தியாவில் கேஸ் நிரப்பலாம். ஐரோப்பாவில் தரச் சான்று பெற்றிருந்தாலும், இங்கே அங்கீகாரம் இல்லை என்றால் அது செல்லாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம்ம ஊரில் சிலிண்டர் எண்ணெய் நிறுவனத்தின் சொத்து. காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்குகிறோமே தவிர, நம் சிலிண்டரையே நிரப்பி வாங்குவதில்லை. வெளிநாட்டு சிலிண்டரை மாற்றிக்கொள்ள இங்கே யாரும் இல்லை. வால்வும் வேறு, ரெகுலேட்டரும் வேறு.

ஆட்டோ எல்பிஜி பங்க்கில் பிடிக்கலாமா?

ஐரோப்பாவில் பலர் செய்வது இதுதான். வேனில் நிரந்தரமாகப் பொருத்திய சிலிண்டருக்கு, நாட்டுக்கு ஏற்ற அடாப்டரை மாட்டி பங்க்கிலேயே நிரப்பிக்கொள்வார்கள்.

இந்தியாவில் ஆட்டோ எல்பிஜி என்பது வண்டி ஓடுவதற்கான எரிபொருள். அந்த வண்டியில் முறையாகப் பொருத்தி, அங்கீகாரம் பெற்ற எரிபொருள் டேங்கில் மட்டுமே அதை நிரப்ப வேண்டும். கையில் கொண்டு வரும் சிலிண்டரில் பிடிக்கக் கூடாது. எனவே பங்க் ஊழியர் மறுத்தால், அவர் செய்வது சரியான வேலை.

'பக்கத்து கடையில ஏத்தித் தருவாங்க' என்றால்?

பெரிய சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து, டியூப் வழியாகச் சின்ன சிலிண்டருக்கு கேஸ் ஏற்றும் கடைகள் பல ஊர்களில் ரகசியமாக நடக்கின்றன. அவ்வப்போது அதிகாரிகள் ரெய்டு நடத்திப் பறிமுதல் செய்வதும் செய்தியாக வருகிறது. ஒரு சிலிண்டரில் இருந்து இன்னொன்றுக்கு கேஸ் மாற்றுவதை எல்பிஜி கட்டுப்பாட்டு ஆணை 2000 தடை செய்கிறது. இந்த ஆணை அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வருவதால், மீறினால் 3 மாதம் முதல் 7 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம்.

சட்டத்தைவிடப் பெரிய பிரச்னை வெப்பம். சிலிண்டருக்குள் கேஸ் திரவமாக இருக்கிறது. சூடானால் திரவம் விரியும். அதற்காகத்தான் ஆலையில் எடை போட்டு, 15 முதல் 20 சதவீதம் வரை இடம் விட்டு நிரப்புகிறார்கள். டியூப் போட்டு ஏற்றும் இடத்தில் இந்தக் கணக்கெல்லாம் இருக்காது. கழுத்து வரை நிரப்பிய சிலிண்டரை மே மாத வெயிலில், தகரக் கூரை வேனுக்குள் வைத்தால் திரவம் விரிய இடம் இருக்காது.

கசிந்தாலும் ஆபத்துதான். எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். ஜன்னலைத் திறந்து வைத்தால் மட்டும் வெளியேறிவிடாது. இதனால்தான் தரமான மோட்டார்ஹோமில் சிலிண்டருக்குத் தனி அறையும், அந்த அறையின் தரையில் வெளியே திறக்கும் துளையும் இருக்கும்.

மதுரை சொன்ன பாடம்

வண்டிக்குள் கேஸ் சமையல் எப்படி முடியலாம் என்பதைத் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில், மதுரை ரயில் நிலையத்தில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்த சுற்றுலா ரயில் பெட்டி தீப்பிடித்து எரிந்தது. உத்தரப் பிரதேசத்தில் இருந்து ஆன்மிகச் சுற்றுலா வந்த 9 பேர் உயிரிழந்தனர். விதியை மீறி பெட்டிக்குள் கொண்டு வந்த சிலிண்டரே விபத்துக்குக் காரணம் என ரயில்வே தெரிவித்தது. அடைந்த இடம், தூங்கும் ஆட்கள், உள்ளேயே சிலிண்டர் ஆகிய மூன்றும் கேரவனுக்கும் பொருந்தும்.

சரி, சட்டப்படி என்ன வழி?

2013 அக்டோபரில் 5 கிலோ 'ஃப்ரீ டிரேட் எல்பிஜி' சிலிண்டர் விற்பனைக்கு வந்தது. முகவரிச் சான்று இல்லாதவர்களுக்காகக் கொண்டு வந்த திட்டம் இது. இந்தியன் ஆயிலில் இதன் பெயர் 'சோட்டு', எச்.பி.யில் 'அப்பு', பாரத் கேஸில் 'மினி'. சோட்டுவுக்குத் தம்பியாக 2 கிலோ 'முன்னா'வும் உண்டு. சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவு சங்கம் 2022-ல் இந்த இரண்டையும் விற்கத் தொடங்கியது.

வாங்கும் முறை எளிது:

• கேஸ் ஏஜென்சி அல்லது விற்பனை உள்ள பெட்ரோல் பங்க்கில் அடையாள ஆவணத்தைக் காட்ட வேண்டும். வெளிநாட்டவருக்கு பாஸ்போர்ட்.

• முதல் முறை சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். அடுத்த முறை கேஸுக்கு மட்டும்.

• மானியம் கிடையாது. வீட்டு சிலிண்டருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் என்றால் இதற்கு 18 சதவீதம். விலை அடிக்கடி மாறும் என்பதால் அன்றைய விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

• சோட்டு வாங்கினால் இந்தியன் ஆயில் விற்பனை மையத்தில்தான் மாற்ற முடியும். புதுச்சேரி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி என்று பயணம் நீண்டாலும் அதே நிறுவனத்தைத் தேடிப் போக வேண்டும்.

எல்லா பங்க்கிலும் 5 கிலோ ஸ்டாக் இருக்காது. மாமல்லபுரத்தில் கிடைக்கவில்லை என்றால் கல்பாக்கம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு ஏஜென்சிகளில் முதலில் போன் போட்டு விசாரிக்கலாம். வெளிமாநிலத் தொழிலாளர்களும் அறை எடுத்துத் தங்கும் மாணவர்களும் அதிகம் உள்ள மறைமலை நகர், பொத்தேரி பகுதிகளில் இந்தச் சின்ன சிலிண்டருக்குத் தேவை அதிகம். அங்கேயும் கேட்டுப் பார்க்கலாம்.

வாங்கிவர பைக்கில் ஆள் அனுப்ப வேண்டாம். இரு சக்கர வாகனத்தில் கேஸ் நிரம்பிய சிலிண்டர் கொண்டு செல்ல விதிகள் அனுமதிக்கவில்லை.

வேனில் பொருத்துவது எப்படி?

இந்திய ரெகுலேட்டர், ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹோஸ் இரண்டும் கட்டாயம். இந்திய ரெகுலேட்டரில் இருந்து வரும் அழுத்தம் சுமார் 30 மில்லிபார். இன்றைய ஐரோப்பிய மோட்டார்ஹோம் அடுப்புகளும் 30 மில்லிபாரில் இயங்குபவை என்பதால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது. பழைய ஜெர்மன் வேன்கள் சில 50 மில்லிபாருக்கு வடிவமைக்கப்பட்டவை. அவற்றில் இந்த ரெகுலேட்டர் சரிவராது. அடுப்பின் மேல் ஒட்டியிருக்கும் தகட்டில் அளவைப் பார்த்துவிடலாம்.

வேனின் சுவரில் ஏற்கெனவே ஒரு ரெகுலேட்டர் இருந்தால், அதைத் தாண்டிய பிறகுதான் இந்திய ஹோஸை இணைக்க வேண்டும். அழுத்தத்தை இரண்டு முறை குறைத்தால் அடுப்பு சரியாக எரியாது. இந்த வேலையைத் தெரிந்த மெக்கானிக்கை வைத்துச் செய்வது நல்லது. இணைத்ததும் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்க வேண்டும். தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது.

சிலிண்டரை நிமிர்த்தி, பெல்ட் போட்டுக் கட்ட வேண்டும். வண்டி ஓடும்போது ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுவிட வேண்டும். வாங்கும்போது சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஏ, பி, சி, டி எழுத்தில் ஒன்றும் ஆண்டும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், டி என்றால் அக்டோபர் முதல் டிசம்பர். அடுத்த சோதனை எப்போது என்று சொல்லும் குறி அது. தேதி தாண்டியிருந்தால் வாங்கக் கூடாது.

கெஸ்ட் ஹவுஸ் நடத்துபவர்கள் கவனத்துக்கு

'பாவம், டீ போடத்தானே' என்று வீட்டில் இருக்கும் 14.2 கிலோ சிலிண்டரைத் தூக்கிக் கொடுப்பது உதவி மாதிரி தெரியும். ஆனால் அந்த இணைப்பு உங்கள் வீட்டுச் சமையலுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. விபத்து நடந்தால் முதல் கேள்வி உங்களிடம்தான் வரும். அதற்குப் பதில் 5 கிலோ கிடைக்கும் ஏஜென்சியின் நம்பரைக் கொடுங்கள். மின் இணைப்பு தர வசதி இருந்தால், ஒரு இண்டக்‌ஷன் அடுப்பும் போதும்.

நாட்டை விட்டுக் கிளம்பும்போது?

சிலிண்டரை ஏஜென்சியில் ஒப்படைத்தால் ஒரு குறிப்பிட்ட தொகை திரும்பக் கிடைக்கும். எவ்வளவு என்பதை வாங்கும்போதே கேட்டு, ரசீதை பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

நம்ம ஊர்க்காரர்கள் வெளிநாட்டில் கேரவன் எடுத்தால்?

அங்கேயும் இதே கதைதான். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வால்வு, தனி சிலிண்டர். ஆஸ்திரேலியாவில் பெட்ரோல் பங்க்கிலேயே காலியைக் கொடுத்து நிரம்பியதை வாங்கலாம், ஆனால் 10 ஆண்டு சோதனைத் தேதி தாண்டிய சிலிண்டரில் நிரப்ப மாட்டார்கள். ஐரோப்பாவில் எல்லை தாண்டினால் பழைய சிலிண்டரை மாற்ற முடியாமல் போகலாம். வாடகைக்கு எடுக்கும் நாளிலேயே 'சிலிண்டரை எந்தெந்த நாட்டில் மாற்றலாம்?' என்று கேட்டுவிடுவது புத்திசாலித்தனம்.

இந்தியாவில் எங்கே கேஸ் கசிந்தாலும் 24 மணி நேரமும் அழைக்க வேண்டிய எண் 1906. வேனில் வந்திருக்கும் விருந்தினரிடமும் அந்த எண்ணை எழுதிக் கொடுத்துவிடுங்கள்.