கம்பத்தில் எங்கே தங்குவது?

திராட்சைத் தோட்டம் பார்க்கக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போவதென்று முடிவானதும், எங்கே தங்குவது என்பதில் எங்கள் வீட்டில் பெரிய விவாதம். மகன் குமுளி என்றான். குளிர், ஏலக்காய், படகுச் சவாரி. மருமகள் தேனி என்றாள். பெரிய ஊர், நல்ல ஓட்டல். நான் கம்பம் என்றேன்.

காரணம் என் பள்ளிப் படிப்பு. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். பொர்தோ, ஷாம்பாஞ் என்று வரைபடத்தில் திராட்சைச் சீமைகளைக் குறித்திருக்கிறேன். அங்கே அறுவடை ஆண்டுக்கு ஒரு முறைதான். கம்பத்திலோ ஆண்டு முழுதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். வெயில் ஏறுமுன் வெட்டு நடக்கும். குமுளியில் தங்கினால் மலை இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

என் பேச்சே எடுபட்டது. சாதாரண லாட்ஜ்தான். ஆனால் காலை ஆறு மணிக்குச் சுருளிப்பட்டிப் பந்தலடியில் நின்றோம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். இப்போது அங்கே விளைவது பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. உலகம் அதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறது. பிரெஞ்சுக்காரர் 'ஹ' உச்சரிக்கமாட்டார். அவர் வாயில் அது 'முஸ்கா த ஆம்பூர்'! எங்கள் ஊர்ப் பெயரை அந்தப் பந்தலடியில் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் லோயர் கேம்ப். அரபிக்கடலுக்குப் போன பெரியாற்று நீரைத் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய பென்னிகுவிக்கின் மணிமண்டபம் அங்கே இருக்கிறது. 1887இல் தொடங்கிய வேலை 1895இல் முடிந்தது. பள்ளத்தாக்கின் வயலும் தோப்பும் அந்தத் தண்ணீரை நம்பியவை. அவர் படத்தை வீட்டில் மாட்டி, பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறார்கள்.

அங்கே நின்றபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாலாற்றங்கரையில் தோல் பதனிட்டுச் செருப்பாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புகிறோம். பல வீடுகளுக்குச் சோறு போட்டதும் அந்தத் தோல்தான். ஆனால் ஆலைக் கழிவால் கிணறுகள் கெட்டன. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. இன்றும் குடிக்கத் தண்ணீர் கேன்தான் வாங்குகிறோம்.

மலைமேல் தங்கியிருந்தால் திராட்சையைப் பார்த்துப் படம் எடுத்துத் திரும்பியிருப்போம். கம்பத்தில் தங்கியதால் தண்ணீரைப் பார்த்தோம். நீங்களும் போனால் ஊருக்குள்ளேயே தங்குங்கள்.