திருப்பி அழைக்கப்பட்டவர்கள்

சீன – அமெரிக்க உறவைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 1972 பிப்ரவரியில் நிக்ஸன் பீகிங்கில் இறங்கியதிலிருந்து ஆரம்பிப்பது வழக்கம். அதற்கு முந்தின வருஷம் பிங்பாங் ஆட்டக்காரர்கள், பிறகு 1979 ஜனவரி 1இல் தூதரக உறவு, 2001இல் உலக வர்த்தக ஸ்தாபனம், 2018இல் சுங்கவரிச் சண்டை. வரிசையில் பிழையில்லை. ஆனால் இது அரசாங்கங்களின் சரித்திரம். அவை கைகொடுத்ததும் கையை இழுத்துக்கொண்டதும் இதில் இருக்கின்றன. கைமாறியது என்ன, அது யாரிடம் தங்கிற்று என்பது இல்லை. அதைத் தேடப்போனால் கணக்கின் ஒரு பழைய பக்கம் நம் கடற்கரையில் கிடைக்கிறது.

1672இல் எலிஹு யேல் என்பவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் குமாஸ்தாவாக மதராஸுக்கு வந்தார். பாஸ்டனில் பிறந்தவர். நானும் குமாஸ்தா என்பதால் அவருடைய உத்தியோக உயர்வைச் சற்றுக் கூடுதலான ஆர்வத்துடன் படித்தேன். 1687இல் கோட்டையின் கவர்னர். 1692இல், சொந்த வியாபாரம் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கிடையே பதவி போயிற்று, பணம் போகவில்லை. 1718இல் கனெக்டிகட்டிலிருந்த ஒரு சிறு கல்லூரிக்கு அவர் அனுப்பியவை 417 புத்தகங்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் படம், ஒன்பது பொதிச் சரக்கு. சரக்கு 562 பவுனுக்கு விலைபோயிற்று. கல்லூரி அவர் பெயரை எடுத்துக்கொண்டது. பொதிகளில் ஐரோப்பியத் துணிகளோடு காலிகோவும் மஸ்லினும் இருந்தன. துணிக் கணக்கில் கஜம் எழுதுவார்கள், விலை எழுதுவார்கள். நெய்தவன் பெயரை எழுதும் வழக்கமில்லை. துணியோடு அடிமைகளும் இந்தக் கரையிலிருந்து ஏற்றுமதியான காலம் அது.

அந்தக் கல்லூரியில்தான் 1854இல் யுங் விங் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் கல்லூரிப் பட்டம் வாங்கிய முதல் சீனர் அவர். யேல் அனுப்பிய துணிதான் அவரைப் படிக்கவைத்தது என்று நான் சொல்லவரவில்லை. 136 வருஷ இடைவெளியில் 562 பவுன் எங்கோ கரைந்துபோயிருக்கும். எல்லாம் நம்மிடமிருந்துதான் போயிற்று என்று மார்தட்டுகிறவர்களுக்கு இந்தக் கட்டுரையால் பிரயோஜனமில்லை. எனக்கு அக்கறை பின்னால் நடந்ததில்தான்.

யுங் விங்குக்கு ஒரே ஒரு யோசனை இருந்தது: தான் பெற்ற படிப்பைத் தன் தேசத்துப் பையன்களும் பெறவேண்டும். 1868ஆம் வருஷத்து பர்லிங்கேம் ஒப்பந்தம், ஒரு தேசத்தவர் மற்ற தேசத்தின் அரசுக் கல்விக்கூடங்களில் படிக்க வழிசெய்தது. 1872 முதல் வருஷத்துக்கு முப்பது பேராக நாலு தவணைகளில் 120 பையன்களைச் சீன அரசாங்கம் நியூ இங்கிலாந்துக்கு அனுப்பியது. பதினைந்து வருஷப் படிப்பு என்பது திட்டம். பையன்கள் பேஸ்பால் ஆடினார்கள். சிலர் பின்னலை வெட்டிக்கொண்டார்கள், சிலர் கோவிலுக்குப் பதில் சர்ச்சுக்குப் போனார்கள். மேற்பார்வைக்கு வந்த அதிகாரிகள் இவர்கள் சீனர்களாகத் திரும்பமாட்டார்கள் என்று எழுதினார்கள். அமெரிக்காவோ தன் ராணுவ, கடற்படைக் கல்லூரிகளில் இவர்களைச் சேர்க்க மறுத்தது. 1881இல் எல்லோரையும் சீனா திருப்பி அழைத்துக்கொண்டது. மறுவருஷமே சீனத் தொழிலாளிகளைத் தடைசெய்யும் சட்டத்தை அமெரிக்கா கொண்டுவந்தது. அது 1943 வரை அமலில் இருந்தது.

பட்டத்தை முடித்துத் திரும்பியவர்கள் மிகச் சிலர். அவர்களில் ஒருவர் ஜன் தியன்யூ. யேலில் பொறியியல் படித்தவர். 1905க்கும் 1909க்கும் இடையில் பீகிங்கிலிருந்து கல்கான் வரை இருப்புப்பாதை போட்டார். அந்நியப் பொறியாளர்களை அண்டாமல் சீனர்களே போட்ட பாதை. செங்குத்தான மலையில் ரயில் ஏறுவதற்காகத் தண்டவாளத்தை மடக்கி, வண்டியை முன்னும் பின்னுமாகச் செலுத்தி ஏற்றினார். ஆளைத் திருப்பி அழைத்த அரசாங்கத்தால் ஆள் கற்றதைத் திருப்பி அனுப்பமுடியவில்லை.

பிறகும் கதவு திறப்பதும் சாத்துவதுமாகத்தான் இருந்தது. தூதரக உறவு ஏற்படுவதற்குச் சில நாட்கள் முன்பே, 1978 டிசம்பரில், 52 சீனக் கல்வியாளர்கள் அமெரிக்காவில் போய் இறங்கினார்கள். 2020இல் சீனாவுடனான ஃபுல்பிரைட் திட்டத்தை அமெரிக்கா நிறுத்திற்று.

இதே கேள்வியை எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டிடம் கேட்டால் வேறு பதில் வருகிறது. 1613இல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். இந்தக் கரையின் துணியைக் கிழக்கே தீவுகளுக்கு அனுப்பி வாசனைத் திரவியம் வாங்கினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர்களைப் போகச்சொன்னதும் நாமல்ல, வரச்சொன்னதும் நாமல்ல. பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறிச் சத்தம் இன்றும் கேட்கிறது. ஆனால் பழவேற்காடு இன்று மீனுக்கும் பறவைகளுக்கும் பெயர்போன ஊர். அதன் துணி ஆங்கில அகராதியில் கைக்குட்டைக்கு ஒரு பெயராக, ‘புல்லிக்கேட்’ என்று கிடக்கிறது.

இப்போது மறுபடியும் பிறர் காரியமாக நம்மிடம் வேலை வந்திருக்கிறது. அமெரிக்காவும் சீனாவும் வரிச் சண்டையில் இறங்கிய மறுவருஷம், 2019இல், எங்கள் மாவட்டத்தை அடுத்த ஸ்ரீபெரும்புதூரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐஃபோன் தயாராகத் தொடங்கிற்று. சரக்கு அமெரிக்கக் கம்பெனியுடையது, ஆலை தைவான் கம்பெனியுடையது, செய்முறை சீனத்து ஆலைகளில் பழகியது. 2025 ஜூலையில், இந்திய ஆலைகளிலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட சீனப் பொறியாளர்களும் நுட்பப் பணியாளர்களும் திருப்பி அழைத்துக்கொள்ளப்பட்டதாகப் பத்திரிகைகள் எழுதின. 1881ஐப் படித்தவனுக்கு இது புதிய செய்தியாகப் படாது. நுட்பம் ஆள் வழியாகத்தான் பிரயாணம் செய்கிறது என்பதைச் சீனர்களைவிட நன்றாக அறிந்தவர் யார்?

நான் வேலைபார்க்கும் வங்கிக் கிளையில் சம்பளக் கணக்கு தொடங்கப் பெண்கள் வருகிறார்கள். சுற்றுவட்டாரத்தின் பல ஆலைகளைச் சேர்ந்தவர்கள். திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள். என்ன வேலை என்று கேட்டால் “லைன்ல சார்” என்பார்கள். ஒப்பந்தம் முடிந்தது என்றோ கல்யாணம் என்றோ இரண்டொரு வருஷத்தில் கணக்கை ஊர்க் கிளைக்கு மாற்றித் தரச்சொல்லி எழுதிக்கொடுக்கிறார்கள். மிச்சத்தொகை எவ்வளவு என்று என்னால் சொல்லமுடியும். கையில் என்ன தொழில் மிஞ்சியது என்பதற்குப் பாரத்தில் இடமில்லை. ஒரே திருகாணியை நாள் முழுக்க முடுக்குவது சம்பளம் தரும், தொழில் கற்றுத்தராது.

எத்தனை கோடி முதலீடு, எத்தனை ஆயிரம் வேலை என்று நாம் எண்ணுகிறோம். சண்டையால் வந்த வேலை சமாதானத்தால் போகலாம். அன்று இந்தப் பெண்கள் எதை எடுத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவார்கள் என்பதை இப்போதே கேட்கவேண்டும். ஜன் தியன்யூ திரும்பியபோது அவருக்குள் ஓர் இருப்புப்பாதை இருந்தது. பழவேற்காட்டு நெசவாளிக்கு மிஞ்சியது அகராதியில் ஒரு சொல்.