மின்னஞ்சல் நிரலில் சாக்கெட்டும் டிஎல்எஸ் பாதுகாப்பும்

தண்டர்பேர்டு, மட் போன்ற மின்னஞ்சல் நிரல்கள் சாக்கெட் எனப்படும் இணைப்பு முனை வழியாகவே சேவையகத்துடன் பேசுகின்றன. இணைந்த கணமே டிஎல்எஸ் மறையாக்கத்தைத் தொடங்குவது ஒரு முறை. அஞ்சல் வாங்கும் ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 ஆகிய போர்ட்டுகள் இதற்கானவை. 143 அல்லது 587இல் வெளிப்படையாகப் பேச்சைத் தொடங்கி, ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ கட்டளையால் நடுவழியில் மறையாக்கத்துக்கு மாறுவது மற்றொன்று.

வம்பெல்லாம் அந்த நடுவழியில்தான். சாக்கெட்டில் வந்து சேர்ந்ததை நிரல் மொத்தமாகப் பஃபர் என்னும் தற்காலிக நினைவிடத்தில் அள்ளிக்கொள்ளும். இடையில் புகுந்தவர், சேவையகத்தின் சம்மத வரிக்குப் பின்னாலேயே தன் வரிகளையும் ஒட்டிவிட்டால் அவை பஃபரிலேயே தங்கிவிடும். டிஎல்எஸ் அமைந்த பிறகு அவற்றைப் படிக்கும் நிரல், பாதுகாப்பான வழியில் வந்த பதில் என்றே நம்பும்.

இதே வகைப் பிழையைச் சேவையகப் பக்கத்தில் 2011இல் வெளிப்படுத்தியவர், போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சேவையக மென்பொருளை உருவாக்கிய வீட்சே வெனமா. 2020இல் மட் நிரலிலும் அது அகப்பட்டது. திருத்தம் என்னவோ சிறியதுதான்: மறையாக்கத்துக்கு மாறும்போது பஃபரில் மிச்சமிருப்பதைத் துடைத்தெறிய வேண்டும்.

இன்னொரு தந்திரம் அதைவிட எளிது. சேவையகம் அறிவிக்கும் வசதிப் பட்டியலிலிருந்து ஸ்டார்ட்டிஎல்எஸ் வரியையே நீக்கிவிடலாம். ‘இருந்தால் பயன்படுத்து’ என்று அமைத்த நிரல், கடவுச்சொல்லை அப்படியே திறந்தபடி அனுப்பிவிடும். சான்றிதழிலுள்ள பெயரைச் சரிபார்க்காத நிரலுக்கோ, மறையாக்கம் இருந்தும் எதிரே இருப்பது யாரென்று தெரியாது.

தொடக்கத்திலேயே மறையாக்கும் 465 போர்ட்டின் கதை வேடிக்கையானது. 1990களின் பிற்பகுதியில் பதிவாகி, விரைவிலேயே ரத்தான அந்த எண்ணுக்கு 2018இல் வெளியான ஆர்எஃப்சி 8314 என்ற இணையத் தரநிலை ஆவணம் மறுவாழ்வு தந்து, தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் என்ற முறையையே பரிந்துரைத்தது.