நடமாடும் வீடும் அதன் மின்கலமும்

அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில், கலிபோர்னியா எல்லையை அடுத்த பாலைவனத்திலே, குவார்ட்சைட் என்றொரு சிற்றூர் இருக்கிறது. கோடையில் வெயிலின் கொடுமையால் அரவமற்றுக் கிடக்கும் அவ்வூர், டிசம்பர் பிறந்துவிட்டால், வடபிரதேசத்துப் பனிக்குத் தப்பி வரும் முதியவர்களின் வீட்டு வண்டிகளால் நிரம்பிவிடுகிறது. படுக்கையும் சமையலறையும் குளியலறையும் உள்ளேயே அமைந்த அந்த மோட்டார் வாகனங்களுக்காக, 1983-இல் கூட்டாட்சி அரசின் நிலப் பராமரிப்புத் துறை, ஊருக்குத் தெற்கே லா போஸா என்னும் வெட்டவெளியை ஒதுக்கி, செப்டம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரையில் சொற்பக் கட்டணத்துக்குத் தங்கிக்கொள்ள அனுமதித்தது. அங்கே தங்குமிடத்துக்கு மின்கம்பி கிடையாது. வருகிறவர் தமக்கு வேண்டிய வெளிச்சத்தைத் தாமே சுமந்து வரவேண்டும்.

இந்தப் பிரச்சினை அங்கே புதிதன்று. பாலைவனத்தில் நெடுந்தூரம் தாக்குப்பிடிக்கும் பிராணியை நாடி அமெரிக்க ராணுவம் 1850-களில் ஒட்டகங்களைக் கடல் கடந்து வரவழைத்துப் பரீட்சித்தது. அவற்றை ஓட்டி வந்தவர்களில் ஒருவரான ஹாஜி அலி என்பவர் 1902-இல் குவார்ட்சைட்டிலேயே காலமானார். உச்சியில் செப்பு ஒட்டகம் நிற்கும் பிரமிடு வடிவான அவருடைய சமாதியை இன்றும் அங்கே காணலாம். ஊரையும் கிணற்றையும் விட்டு எத்தனை நாள் விலகியிருக்க முடியும் என்று அன்றைக்கு எழுந்த அதே கேள்விதான், வீட்டு வண்டியின் சரித்திரம் நெடுகிலும், படுக்கைக்கு அடியில் ஒருவர் கண்ணிலும் படாமல் கிடக்கும் பேட்டரியின் வடிவத்தில் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அந்தப் பேட்டரியின் மூலபுருஷர் காஸ்டன் பிளான்டே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி. இரண்டு ஈயத் தகடுகளை இடையில் ஒன்றோடொன்று ஒட்டாதபடி பிரித்துச் சுருளாகச் சுருட்டி, நீர்த்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் செலுத்தினால் வாங்கிக்கொள்வதும் வேண்டும்போது திருப்பித் தருவதுமான கலத்தை 1859-இல் அவர் அமைத்துக் காட்டினார். 1881-இல் அவருடைய தேசத்தவரான கமில் ஃபோர், தகட்டின்மேல் ஈய ஆக்சைடைக் குழம்பாக்கிப் பூசும் முறையைக் கண்டுபிடித்த பிறகு, அது தொழிற்சாலைப் பொருளாயிற்று. 1912-இல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் இடம்பெற்றதிலிருந்து, ஈயப் பேட்டரி இல்லாத மோட்டார் வண்டியே இல்லை என்ற நிலைமை வந்தது.

வீட்டு வண்டியோ அதற்கும் சற்று முந்தியது. பியர்ஸ்-ஏரோ கம்பெனி 1910-இல் வெளியிட்ட டூரிங் லாண்டோ என்னும் வாகனத்தில், பின்னிருக்கை படுக்கையாக மாறும். மடிக்கத்தக்க கழுவுதொட்டி உண்டு. சாரதியோடு பேசுவதற்குத் தொலைபேசியும் உண்டு. அது தனவந்தரின் விளையாட்டு. சாமானிய ஜனங்களின் பிரயாணம் 1919-இல் ஃபுளோரிடாவின் டாம்பா நகரத்துப் பூங்காவொன்றில் கூடிய ‘டின் கேன் டூரிஸ்ட்ஸ்’ சங்கத்தோடு வலுப்பெற்றது. தகர டப்பாக்களில் அடைத்த உணவும், கூடாரமும், மண்ணெண்ணெய் விளக்குமாகப் புறப்பட்ட அவர்கள் பேட்டரியிடம் எதிர்பார்த்தது அதிகமில்லை. காலையில் இஞ்சின் கிளம்பினால் போதும்.

நிலைமையை மாற்றியது 1966. அயோவா மாகாணத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னபாகோ தொழிற்சாலை வீட்டு வண்டிகளை வரிசை உற்பத்தி முறையில் செய்து, மற்றவர்களைவிட வெகுவாகக் குறைந்த விலையில் விற்கத் தொடங்கியதும், நடுத்தரக் குடும்பத்தார் தம் வீட்டுச் சௌகரியங்களையெல்லாம் காட்டுக்குள் கொண்டுபோக விரும்பினார்கள். விளக்கும், தண்ணீர் பம்பும், கணப்பின் விசிறியும் இரவெல்லாம் வேலை செய்ய, விடிந்ததும் இஞ்சின் கிளம்ப மறுத்தது. ஆகவே இஞ்சினுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று பேட்டரியைப் பிரித்தார்கள். இரண்டின் சுபாவமும் வேறு. ஸ்டார்ட்டர் பேட்டரி மெல்லிய தகடுகள் பலவற்றால் ஆகி, ஒரு கணத்தில் மிகுந்த வேகத்தோடு மின்சாரத்தை வீசுவது. வீட்டுப் பேட்டரிக்குத் தடித்த தகடுகள் வேண்டும், மணிக்கணக்காகச் சிறிது சிறிதாக ஈந்துகொண்டிருக்க வேண்டும். கோல்ஃப் மைதானத்து மின்வண்டிக்கென்று செய்யப்பட்ட ஆறு வோல்ட் பேட்டரிகள் இரண்டைத் தொடராக இணைத்துப் பன்னிரண்டு வோல்ட்டாக்கிக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கமாயிற்று.

ஈயம் உழைப்பதில் நேர்மையானது. ஆனால் எஜமானனிடம் ஓயாத கவனத்தைக் கேட்பது. அதன் கொள்ளளவில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும். அரைகுறையாகச் சார்ஜ் ஏற்றி விட்டுவிட்டாலோ, தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுப் பிறகு கரைய மறுக்கும். முக்கால் பங்கு நிரம்பிய பின் மின்சாரத்தை மிக மெதுவாகவே ஏற்கும் இயல்புடையதாகையால், முழுதும் நிரம்ப மணிக்கணக்காகும். அதற்காக ஜெனரேட்டரை ஓட்டினால், எந்த நிசப்தத்தைத் தேடி அவ்வளவு தூரம் வந்தார்களோ அதுவே போய்விடும். ஹைட்ரஜன் வாயு வெளியேறுவதால் காற்றோட்டமுள்ள பெட்டி வேண்டும். அவ்வப்போது மூடியைத் திறந்து காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். நூறு ஆம்பியர்-மணி கொண்ட ஒன்றைத் தூக்கினால் ஏறக்குறைய முப்பது கிலோ. 1957-இல் ஜெர்மனியில் தோன்றிய ஜெல் பேட்டரியும், பின்னர் கண்ணாடி நாரில் திராவகத்தை ஊறவைத்த வகையும் நீர் ஊற்றும் தொல்லையை நீக்கினவேயன்றி, ஈயத்தின் அடிப்படைக் குணத்தை மாற்றவில்லை.

மாற்றம் வேறொரு திசையிலிருந்து வந்தது. லித்தியத்தை மின்கலத்தில் பழக்கிய விட்டிங்ஹாம், குட்இனஃப், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் நோபல் பரிசு கிடைத்ததை உலகம் அறியும். 1991-இல் சோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்த முதல் லித்தியம்-அயனி பேட்டரியில் கோபால்ட் ஆக்சைடு இருந்தது. கைக்குள் அடங்கும் கருவிகளுக்கு அது உகந்தது. ஆனால் அளவு மீறிச் சூடேறினால் ஆக்சிஜனை விடுவித்துத் தீயை வளர்க்கக்கூடிய அப்பொருளை, குழந்தைகள் உறங்கும் கட்டிலின் அடியில் பெரிய அளவில் வைப்பது விவேகமாகாது. இதற்குப் பரிகாரமாக அமைந்தது டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனஃபின் ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி முதலியோர் 1997-இல் வெளியிட்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட். அதில் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் பிரிந்து வருவதில்லை. இரும்பும் பாஸ்பேட்டும் கோபால்ட்டைப்போல் அரியவையும் அல்ல.

இந்த வழிக்கு முன்னோடியாக, ஆக்சைடுக்குப் பதிலாகச் சல்பேட் போன்ற கூட்டு அயனிகளைப் பயன்படுத்தினால் கலத்தின் வோல்ட்டேஜ் உயரும் என்பதை 1980-களின் பிற்பகுதியிலே குட்இனஃபோடு சேர்ந்து காட்டியவர், மதுரைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பயின்ற ஆறுமுகம் மந்திரம். தொண்ணூற்றேழு வயதிலே பரிசு பெற்ற குட்இனஃபின் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் சொற்பொழிவை நிகழ்த்தியவரும் அவரே. பாலைவனத்தில் எரியும் ஒரு விளக்கின் பின்னால் தமிழ்நாட்டு மாணவர் ஒருவரின் உழைப்பும் இருக்கிறது என்பதைத் தமிழர் அறிந்திருப்பது அவசியம்.

இரும்பு பாஸ்பேட் மின்சாரத்தை எளிதில் கடத்தாத பொருளாகையால், அதன் துகள்களை மிக நுண்ணியதாக்கிக் கரிப்பூச்சுக் கொடுக்கும் முறை கைவந்த பிறகே நடைமுறைக்கு வந்தது. 2010-க்குப் பின் அது வீட்டு வண்டிகளில் பரவியது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 3.2 வோல்ட் உள்ள நான்கு கலங்கள் சேர்ந்தால் 12.8 வோல்ட், பழைய விளக்குகளுக்கும் பம்புகளுக்கும் அப்படியே பொருந்தும். எடை ஈயத்தில் பாதிக்கும் குறைவு. கொள்ளளவில் பெரும்பகுதியைத் தயக்கமின்றிச் செலவழிக்கலாம். சார்ஜ் ஏற்றி இறக்குவதை ஆயிரக்கணக்கான தடவை தாங்கும்.

ஆனால் பேட்டரியை மாத்திரம் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று கருதியவர்கள் நஷ்டப்பட்டார்கள். வண்டியின் ஒவ்வொரு கம்பியும் ஈயத்தின் சுபாவத்தை உத்தேசித்தே போடப்பட்டது. நிரம்ப நிரம்ப மின்சாரத்தை வேண்டாமென்று தள்ளும் ஈயத்துக்குப் பழகிய, இஞ்சினால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், கடைசிவரையில் கொடுத்ததையெல்லாம் விழுங்கும் லித்தியத்தைச் சந்தித்தபோது சூடேறிக் கருகியது. குறிப்பாக, வண்டி நின்றபடியே இஞ்சின் மெதுவாக ஓடுகையில், அதைக் குளிர்விக்கும் விசிறியும் மெதுவாகவே சுழல்வதால் அபாயம் அதிகம். ஆகவே இரண்டுக்கும் இடையே மின்னோட்டத்தை வரம்புக்குள் நிறுத்தும் சார்ஜர் அவசியமாயிற்று. வோல்ட்டேஜைப் பார்த்து மிச்சத்தைச் சொல்லும் பழைய அளவுமானியும் பயனற்றுப்போயிற்று. லித்தியத்தின் வோல்ட்டேஜ் அநேகமாகக் காலியாகும்வரையில் இறங்குவதே இல்லை. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கலம் நிரந்தரமாகக் கெடும். மலைப்பிரதேசத்தில் குளிர்காலத்தைக் கழிப்பவர் பேட்டரியை வண்டியின் உட்புறம் வைப்பதோ, வெப்பமூட்டும் வசதியுள்ளதை வாங்குவதோ நலம்.

இவற்றையெல்லாம் முறைப்படி செய்துகொண்டவர்களுக்கு வாழ்க்கை மெய்யாகவே மாறியது. 1922-இல் ஸ்வீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறையைப் பின்பற்றி, பல்லாண்டுகளாக வாயுச் சுடரால் இயங்கிவந்த குளிர்ப்பெட்டிக்குப் பதிலாக மின்சாரக் குளிர்ப்பெட்டி வந்தது; கூரைமேல் விரித்த சூரியத் தகடுகள் பகலில் நிரப்புவதை இரவு செலவிடுகிறது. லா போஸாவில் வசிப்போர்க்கு ஜெனரேட்டரின் அவசியம் வெகுவாகக் குறைந்திருக்கிறது.

எனினும் ஒரு விஷயத்தில் ஈயமே இன்னும் முந்தி நிற்கிறது. பழைய ஈயப் பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் முன்பணத்தைத் திருப்பித் தரும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருப்பதால், அந்த ஈயம் உருக்கப்பட்டு மறுபடியும் பேட்டரியாகிறது. இரும்பு பாஸ்பேட்டில் விலையுயர்ந்த கோபால்ட் இல்லாமையால், அதை மீட்டெடுப்பதில் வியாபாரிகளுக்கு ஊக்கம் குறைவு. லித்தியம் வாங்குகிறவர்கள், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வீர்களா என்று விற்கிறவரிடம் இன்றைக்கே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.