ஹாட் ரின் கடற்கரையின் பௌர்ணமி இரவுகள்

தாய்லாந்து வளைகுடாவில், கோ சமூய் தீவுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தள்ளிக் கோ பங்கன் தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 125 சதுர கிலோமீட்டர். நடுவில் 600 மீட்டருக்கு மேல் உயர்ந்த, காடு அடர்ந்த மலை, கரையோரமெங்கும் தென்னை. சூரத் தானி மாகாணத்தைச் சேர்ந்த இந்தத் தீவின் தென்கிழக்கு மூலையில் கடலுக்குள் நீளும் சிறிய நிலமுனைக்கு ஹாட் ரின் என்று பெயர். ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவை, சில ஆண்டுகளில் பதின்மூன்று தடவை, இங்கே பௌர்ணமியை ஒட்டி விடிய விடிய ஆட்டமும் பாட்டும் நடக்கின்றன. சாதாரண மாதங்களில் சில ஆயிரம் பேரும், ஆண்டு இறுதி போன்ற நெரிசலான காலங்களில் 20,000, 30,000 என்றும் கூட்டம் சேர்வதுண்டு. முதுகில் பையை மாட்டிக்கொண்டு தென்கிழக்கு ஆசியாவைச் சுற்ற வரும் இளைஞர்கள் எந்தத் தேதியில் எந்த ஊரில் இருப்பது என்று தீர்மானிப்பதில், ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக இந்த ஓர் இரவுக்குப் பெரிய பங்கு இருந்துவருகிறது.

சுற்றுலா வருவதற்கு முன் இத்தீவு தேங்காயையும் மீனையும் நம்பி வாழ்ந்தது. பழக்கிய குரங்குகளை மரமேற்றித் தேங்காய் பறிப்பது சூரத் தானிப் பகுதியின் பழைய வழக்கம். வெளியுலகம் அறிந்த பெருமை என்றால் அது மன்னர் சூலாலோங்கோர்னின் வருகைதான். 1888இல் முதன்முறை வந்த அவர், கிழக்குக் கரையில் கடலில் கலக்கும் தான் சடெட் ஓடையை விரும்பி மறுபடி மறுபடி வந்தார். ஓடையோரப் பாறைகளில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இன்றும் காணக்கிடைக்கின்றன. தீவுக்கு எதிரே உள்ள பெருநிலம் தமிழ் வரலாற்றுக்குப் புதியது அல்ல. ஸ்ரீவிஜயப் பேரரசின் முக்கிய மையமாக இருந்த சையா அங்கேதான் உள்ளது. சோழ மன்னன் முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி சொல்லும் மாதமாலிங்கத்தை, சற்றுத் தெற்கே உள்ள நக்கோன் சி தம்மராட் பகுதி என்றே ஆய்வாளர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

பயணிகள் இங்கு வந்து சேர்ந்ததற்கு, மிகத் தொலைவில் நடந்த அரசியல் மாற்றங்களும் ஒரு காரணம். 1960, 70களில் ஐரோப்பிய இளைஞர்கள் இஸ்தான்புல்லில் புறப்பட்டு டெஹ்ரான், காபூல், டெல்லி வழியாகக் காத்மாண்டுவுக்கும் கோவாவுக்கும் தரைவழியே வந்துகொண்டிருந்தார்கள். 1979இல் ஈரானில் புரட்சி நடந்தது. அதே ஆண்டின் இறுதியில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அந்தப் பாதை அடைபட்டது. விமானத்தில் நேராகப் பாங்காக்கில் இறங்கி அங்கிருந்து சுற்றுவது புதிய வழக்கமானது. இதற்கான வழிகாட்டி நூல்கள் ஏற்கெனவே தயாராக இருந்தன. டோனி வீலர், மோரின் வீலர் தம்பதி 1973இல் தொடங்கிய லோன்லி பிளானட் பதிப்பகம், தென்கிழக்கு ஆசியாவைக் குறைந்த செலவில் சுற்றுவது பற்றிய நூலை 1975இல் கொண்டுவந்தது. அதைத் தொடர்ந்து ஜோ கம்மிங்ஸ் எழுதிய தாய்லாந்து வழிகாட்டி 1982இல் வெளியானது.

அதே 1982இல் பாங்காக் நகரம் தன் இருநூறாவது ஆண்டைக் கொண்டாடியது. விழாவுக்கு வந்த கூட்டத்துக்கு அரண்மனையைச் சுற்றித் தங்குமிடம் போதவில்லை. அருகில் இருந்த காவ் சான் தெரு ஒருகாலத்தில் அரிசி வியாபாரத்துக்குப் பேர்போனது. அங்கு வசித்த குடும்பங்கள் வீட்டு அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கின. சில ஆண்டுகளில் மலிவான விடுதிகளும், பேருந்து, ரயில், படகு மூன்றையும் ஒரே சீட்டில் சேர்த்து விற்கும் சிறு கடைகளும் தெருவெங்கும் முளைத்தன. பௌர்ணமி விழாவுக்குப் போகும் பயணம் பெரும்பாலோருக்கு இந்தத் தெருவில்தான் தொடங்கியது. தேங்காய்ப் படகுகளில் இடம் பிடித்து 1970களிலேயே சமூய் தீவுக்குப் போனவர்கள் உண்டு. சமூயில் கூட்டம் பெருகியதும், அமைதி தேடியவர்கள் அடுத்த தீவுக்கு நகர்ந்தார்கள். பங்கனின் உள்ளூர்க் குடும்பங்கள் தென்னந்தோப்பின் ஓரத்தில், மூங்கிலும் ஓலையும் கொண்டு ஒற்றை அறைக் குடில்களைக் கட்டி நாள் வாடகைக்கு விட்டன.

முதல் விழா எப்போது நடந்தது என்பதற்கு ஆவணம் கிடையாது. 1980களின் நடுப்பகுதியில், ஹாட் ரினில் இருந்த பாரடைஸ் பங்களோஸ் என்ற விடுதியின் முன்னால் இருபது, முப்பது பயணிகள் கூடி ஆடியதே தொடக்கம் என்பது பரவலாகச் சொல்லப்படும் கதை. அந்த விடுதியும் அப்படித்தான் உரிமை கொண்டாடுகிறது. யாரோ ஒருவருடைய பிறந்தநாள் என்றும், வழியனுப்பு விருந்து என்றும் வேறு கதைகளும் உலவுகின்றன. கோவாவின் அஞ்சுனா கடற்கரையில் 1970களிலேயே மேற்கத்தியப் பயணிகள் நிலா வெளிச்சத்தில் கூடி ஆடும் வழக்கம் இருந்தது. கோவாவில் சில மாதம், தாய்லாந்தில் சில மாதம் என்று திரிந்தவர்கள் அதே பழக்கத்தை இங்கும் கொண்டுவந்திருப்பார்கள் என்று கொள்வதே பொருத்தம்.

பௌர்ணமியைத் தேர்ந்தெடுத்ததற்கு இடத்தின் அமைப்பே போதுமான காரணம். ஹாட் ரினில் முதுகோடு முதுகாக இரண்டு கடற்கரைகள் இருக்கின்றன. மேற்கு பார்த்தது ஹாட் ரின் நாய். கிழக்கு பார்த்தது ஹாட் ரின் நோக். விழா நடப்பது இங்கேதான். பௌர்ணமியன்று சூரியன் மறையும் நேரத்தில் எதிர்த் திசையில் நிலா எழும். கிழக்கு பார்த்த கரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்திப் பொழுதில் முழுநிலா கடலிலிருந்து எழுவதும், இரவெல்லாம் தலைக்கு மேல் கடந்து போவதும், மறுநாள் காலை அதே கடல் விளிம்பில் சூரியன் வருவதும் இடத்தை விட்டு அசையாமலே காணக் கிடைக்கும். ஆரம்ப ஆண்டுகளில் ஜெனரேட்டர் ஓடும் சில மணி நேரம் தவிர வெளிச்சம் கிடையாது. அந்நிலையில், மணலில் நடமாடவும் மலைப்பாதையில் குடிலுக்குத் திரும்பவும் நிலவொளி உண்மையிலேயே தேவைப்பட்டது.

போய்ச் சேரும் வழியும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. பாங்காக்கிலிருந்து தெற்கே ஓடும் இரவு ரயிலில் ஏறினால், ஏறத்தாழ 650 கிலோமீட்டர் கடந்து காலையில் சூரத் தானி நிலையம். நிலையம் ஊருக்குள் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, புன் பின் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து பேருந்தில் துறைமுகத்துக்குப் போய்ப் படகு பிடிக்க வேண்டும். காசு குறைவாக வைத்திருந்தவர்கள் விரும்பியது தாபி ஆற்றங்கரையிலுள்ள பான் டோன் துறையிலிருந்து கிளம்பும் இரவுப் படகு. அது அடிப்படையில் தீவுக்கு அரிசி, காய்கறி, சிமெண்ட் ஏற்றிச் செல்லும் சரக்குப் படகு. கீழ்த்தளத்தில் மூட்டைகள். மேல்தளத்தில் இரு பக்கமும் மெல்லிய மெத்தைகளை நெருக்கிப் போட்டிருப்பார்கள். மெத்தைக்கு ஓர் எண், எண்ணுக்கு ஓர் ஆள். முன்பின் தெரியாதவர்கள் தோளோடு தோள் உரசப் படுத்துக்கொள்வார்கள். இரவு பதினொரு மணி வாக்கில் கிளம்பும் படகு ஆற்றைத் தாண்டிக் கடலில் இறங்கி, விடியும் நேரத்தில் தீவின் தலைநகரான தோங் சாலாவில் சேரும். அங்கிருந்து ஹாட் ரினுக்குப் போகும் மலைச்சாலை செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் கொண்டது. சாலை சீராகும் வரை படகில் சுற்றிப் போவதே எளிதாக இருந்தது. பின்னாளில் பெருநிலத்திலுள்ள சும்போனிலிருந்தும் சூரத் தானியிலிருந்தும் விரைவுக் கப்பல்கள் வந்தன. 1989இல் சமூயில் விமான நிலையம் திறக்கப்பட்டபின், பாங்காக்கிலிருந்து காலையில் புறப்பட்டவர் மாலைக்குள் ஹாட் ரின் மணலில் கால் வைக்க முடிந்தது.

1990களில் விழா அடியோடு மாறியது. கிட்டாரும் கேசட் பாட்டும் இருந்த இடத்தில் ஆளுயர ஒலிபெருக்கிகள் வந்தன. கோவாவில் உருவான டிரான்ஸ் இசையும், ஐரோப்பிய நகரங்களின் ஹவுஸ், டெக்னோ இசைகளும் கடைக்குக் கடை வேறு வேறாக ஒலித்தன. தாய்லாந்தில் முதுகுப்பைப் பயணிகளின் தேடலைக் கதைக்களமாகக் கொண்ட அலெக்ஸ் கார்லண்டின் ‘தி பீச்’ நாவல் 1996இல் வெளியாகி, 2000இல் லியோனார்டோ டிகாப்ரியோ நடிப்பில் படமானது. படம் பிடிக்கப்பட்ட இடம் அந்தமான் கடல் பக்கமுள்ள மாயா விரிகுடா என்றாலும், அதைப் பார்த்துப் புறப்பட்டவர்கள் பங்கனுக்கும் வந்தார்கள். பணக் கணக்கும் கைகொடுத்தது. 1997 ஜூலை 2 அன்று தாய்லாந்து அரசு பாட் நாணயத்தின் நிலையான மதிப்பைக் கைவிட்டது. டாலருக்கு 25 பாட் என்றிருந்தது ஆறே மாதத்தில் 50ஐத் தாண்டியது. தாய்லாந்து மக்களுக்கு அது பெரும் இழப்பு. டாலரோடு வந்த பயணிக்கோ, முன்பு ஒரு வாரம் தங்கிய காசில் இரண்டு வாரம் தங்கலாம் என்றானது.

விழாவின் அடையாளமாகிவிட்ட பொருள் ஒன்று உண்டு: மது வாளி. குழந்தைகள் கடற்கரையில் மணல் அள்ளி விளையாடும் வாளி அளவிலான வண்ணப் பிளாஸ்டிக் வாளிக்குள் சாங்சோம் ரம் அல்லது உள்ளூர் விஸ்கி சிறு பாட்டில் ஒன்று, கோலா டின் ஒன்று, குட்டையான பழுப்புப் பாட்டிலில் வரும் கிராட்டிங் டேங் ஊக்க பானம் ஒன்று. மூன்றையும் ஐஸ் கட்டி மேல் கொட்டி, நாலைந்து உறிஞ்சுகுழல்களைச் செருகிக் கொடுப்பார்கள். கிராட்டிங் டேங், சாலியோ யூவித்யா என்ற தாய்லாந்துத் தொழிலதிபர் 1970களில் லாரி ஓட்டுநர்களையும் கூலித் தொழிலாளர்களையும் மனத்தில் வைத்து விற்ற பானம். அதுவே 1987இல் ஆஸ்திரியாவில் ரெட் புல்லாக உருமாறியது. குழல்களின் எண்ணிக்கையே சொல்வதுபோல, வாளி நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து குடிப்பதற்கானது. ஒருவரே ஒரு வாளியைக் காலி செய்யும் பழக்கம் வந்தபின் ஆபத்து தொடங்கியது. போதை ஏறுவதை ஊக்க பானத்தின் காஃபின் மறைத்துவிடும். எவ்வளவு குடித்தோம் என்பது விழும் வரை தெரியாது.

இந்த விழாவுக்கு இன்னொரு நாள்காட்டியும் குறுக்கே வரும். பௌத்த நாடான தாய்லாந்தில் பௌர்ணமி புனித நாள். மாக பூசை, விசாக பூசை, ஆசாட பூசை மூன்றும் பௌர்ணமியில்தான் விழுகின்றன. தமிழர் கொண்டாடும் மாசி மகம், வைகாசி விசாகம் ஆகியவற்றோடு முதல் இரண்டும் பெரும்பாலும் ஒரே பௌர்ணமியை ஒட்டி வரும். அந்த நாள்களில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு என்பதால் விழா ஒன்றிரண்டு நாள் தள்ளி நடக்கும். வானத்து நிலாவை மட்டும் கணக்கிட்டு விமானச் சீட்டு எடுத்துவிட்டு, விழா தொடங்குமுன்பே ஊர் திரும்ப வேண்டியதாகிவிடும் பயணிகள் உண்டு. அறை வாடகையும் நிலாவைப் பார்த்தே ஏறி இறங்கும். ஹாட் ரினில் பல விடுதிகள் பௌர்ணமியை ஒட்டி நான்கைந்து இரவுக்குக் குறைவாக அறை தருவதில்லை. வளைகுடாப் பக்கம் கனமழை கொட்டுவது, தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை போலவே, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். இந்த மூன்றையும், அதாவது பௌத்த நாள்காட்டி, அறை, பருவமழை ஆகியவற்றைப் பார்த்தபின் தேதி குறிப்பதே அனுபவப்பட்டவர்களின் வழக்கம்.

மாதத்தில் ஒரே ஓர் இரவு மட்டும் சம்பாதித்தால் தீவுக்குக் கட்டுபடியாகாது. ஆகவே பான் தாய் பக்கத்தில் அரைநிலா விழாவும், அமாவாசை விழாவும் தோன்றின. தேங்காய் விலையை நம்பியிருந்த குடும்பங்கள் விடுதி, உணவகம், வாடகை ஸ்கூட்டர், பிக்கப் வண்டி என்று மாறின. பிள்ளைகளைப் படிக்க வைத்தன. இந்த விழாவைக் கண்டிப்பவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

கொடுத்த விலையும் சிறியது அல்ல. 2005 ஜனவரியில், விழா முடிந்து சமூய்க்குத் திரும்பிய விரைவுப் படகு ஒன்று அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதால் கவிழ்ந்து பலர் இறந்தார்கள். 2013 புத்தாண்டு இரவில், உள்ளூர்க் குழுக்களின் சண்டையில் பாய்ந்த குண்டு பட்டு, ஆடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்திய கயிற்றைத் தாண்டிக் குதிக்கும் விளையாட்டில் கால் வெந்தவர்களும், மணலில் புதைந்த கண்ணாடிச் சில்லு குத்தியவர்களும், ஸ்கூட்டரோடு மலைச்சாலையில் விழுந்தவர்களும் ஹாட் ரின் சிகிச்சை மையங்களுக்கு வழக்கமானவர்கள். போதைப்பொருளுக்குத் தாய்லாந்துச் சட்டம் கடுமையானது. விழா நாள்களில் சாலைகளில் காவல்துறைச் சோதனை இருக்கும். குப்பை அள்ளும் செலவுக்கென நுழைவோரிடம் 100 பாட் வாங்கும் முறை வந்தது; பின்னர் அது உயர்ந்தது. விடிந்ததும் மணலை வாரிச் சுத்தம் செய்யத் தொழிலாளர் கூட்டம் இறங்குகிறது. ஆனால் கடலுக்குள் போய்விட்ட வாளிகளும் குழல்களும் அவர்கள் கைக்கு எட்டுவதில்லை. தீவின் கணக்கில் இதுதான் இன்னும் தீராத கடன்.

மன்னர் பூமிபோல் 2016 அக்டோபர் 13 அன்று இறந்தபோது, நாடு துக்கம் அனுசரித்ததால் அம்மாத விழா நடக்கவில்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற விழா, இரண்டு ஆண்டுகளுக்குப் பின் 2022இல்தான் மீண்டும் கூடியது. அந்த இடைவெளியில் யோகா, தியானம், தொலைவிலிருந்தே கணினியில் வேலை என்று நீண்ட நாள் தங்குவோர் மேற்குக் கரையின் சி தானு பக்கம் பெருகினார்கள். பங்கனுக்கு இன்று ஹாட் ரின் ஒன்றே முகம் அல்ல; பௌர்ணமி வந்தால் மட்டும் படகுகள் இன்னும் அங்கேதான் திரும்புகின்றன.