சுட்டவரே காவலர் ஆனார்

வேட்டைக்கு எதிர்ப்புக் கிளம்பும் போதெல்லாம் வேட்டைப் பிரியர்கள் இரண்டு பதில்கள் சொல்வது வழக்கம். விலங்குகளால் பயிர் நாசமாகிறது என்பது ஒன்று. காட்டை அறிந்த வேட்டைக்காரனே அதைக் காப்பான் என்பது மற்றொன்று.

மலாயாவில் இவ்விரண்டு வாதங்களும் 1930-களில் நேருக்கு நேர் மோதின. புஞ்சாக் ஆலாம் அடங்கிய கோலசிலாங்கூர் வட்டாரம் முதல் பகாங் வரை காடுகள் ரப்பர் தோட்டங்களாகிக் கொண்டிருந்த காலம் அது. யானையும் காட்டுப்பன்றியும் பயிரை அழிக்கின்றன, துப்பாக்கிதான் மருந்து என்றனர் தோட்டத் துரைமார்கள்.

இதை விசாரிக்க 1930-இல் வனவிலங்கு ஆணையம் அமைந்தது. அப்பொறுப்பை ஏற்றவர் தியோடர் ஹப்பக். அவரும் ஒரு தோட்டக்காரர்தான். யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905-இல் நூலே எழுதியவர். ஆனால், 1932-இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவரது அறிக்கை, விலங்குகளுக்கெனத் தனிக்காடு கேட்டது. 1938-39-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா பிறந்தது. அதுவே இன்றைய தாமான் நெகாரா.

லண்டனில் 1903-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கம் அமைத்த வேட்டைக்காரர்களை, 'மனம் வருந்திய கசாப்புக்காரர்கள்' என்று கேலி செய்தார்கள். கேலி இருக்கட்டும். காட்டை நேசிக்கிறேன் என்பவர் தம் துப்பாக்கிக்குத் தாமே எல்லை வகுப்பாரா என்பதுதான் கேள்வி. ஹப்பக் வகுத்தார்.