கப்பலுக்கு முந்திய செய்தி: பினாங்குத் துறைமுகமும் வட்டார நோய்த்தடுப்பும்

பினாங்குத் தீவின் தென்கிழக்குக் கரையருகே கிடக்கும் ஜெரஜாக் தீவில் 1870களிலிருந்து துறைமுகத்தின் நோய்த்தடுப்புக் காவல் நிலையம் இயங்கியது. தொழுநோயாளர் இல்லமும் அங்கேதான். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறித் தோட்ட வேலைக்கு வந்த தமிழர் பலருக்கு, மலாயாவில் கால் பதித்த முதல் மண் இந்தத் தீவே.

இந்தக் காவலின் தேவையும் அதன் குறையும் ஒரு கால அளவிலேயே அடங்கியிருந்தன. நீராவிக் கப்பல் நாகையிலிருந்து பினாங்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். காலரா தொற்றினால் பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் வெளிப்படும், கப்பலிலேயே தெரிந்துவிடும். பெரியம்மை அப்படியல்ல. தொற்றிப் பத்துப் பன்னிரண்டு நாள் சென்ற பின்னரே காய்ச்சல் காணும். கப்பலேறும் தறுவாயில் தொற்றுண்டவர் எந்தக் குறியுமின்றி பினாங்கில் இறங்குவார். ஆகவே துறைமுக மருத்துவரின் கண் மட்டும் போதாது. புறப்பட்ட ஊரில் அந்த வாரம் என்ன நோய் இருந்தது என்பதும் தெரிய வேண்டும். அது தெரியாதபோது எல்லோரையும் ஐயுற வேண்டியதாயிற்று. அந்த ஐயத்தின் சுமை டெக் பயணிகளான கூலித் தொழிலாளர் மீதே விழுந்தது. செய்திப் பற்றாக்குறைக்கு ஏழையின் நாட்களை விலையாகக் கொடுத்த முறை அது என்று சொல்வது மிகையாகாது.

எல்லைதாண்டிய ஒத்துழைப்பின் பயனைக் காட்டியவர்களுள் ஒருவர் பினாங்கிலேயே பிறந்தவர். 1879இல் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலிலும் கேம்பிரிட்ஜிலும் படித்த வூ லியென்டே, மஞ்சூரியாவில் ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட நுரையீரல் பிளேக்கை எதிர்த்துப் போராடினார். 1911 ஏப்ரலில் முக்டெனில் 11 நாடுகளின் அறிஞர்கள் கூடிய மாநாட்டுக்கும் அவரே தலைமை தாங்கினார்.

நிலையான ஏற்பாடு அமைய மேலும் 14 ஆண்டுகள் ஆயின. சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளையின் பண உதவியுடன், 1925 மார்ச் 1 அன்று சிங்கப்பூரில் தன் கீழைத்தேய அலுவலகத்தைத் திறந்தது. ஆசியத் துறைமுகங்கள் தத்தம் நோய்நிலையை வாரந்தோறும் தந்தியில் தெரிவித்தன. அலுவலகம் அவற்றைத் தொகுத்தது. சைகோன் வானொலி நிலையம் அத்தொகுப்பை ஒலிபரப்பியது. கப்பல் வந்து சேருமுன் அதன் புறப்பாட்டு ஊரைப் பற்றிய செய்தி வந்துவிட்டது. தனக்குக் கேடு தரக்கூடிய உண்மையை, வணிக இழப்புக்கு அஞ்சாமல் ஒவ்வொரு துறைமுகமும் சொல்ல ஒப்பியதே இதன் அடித்தளம். 1942இல் ஜப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்ததோடு அங்கு அந்தப் பணி அறுந்தது.

ஆனால் விரைவாக வரும் செய்தி சரியானதாகவும் இருக்க வேண்டும். 1998இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தோன்றிய மூளைக்காய்ச்சல் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் நடந்துகொண்டிருக்க, நோயுற்ற பன்றிகள் தெற்கே நெகிரி செம்பிலானுக்குப் போயின. 1999 மார்ச்சில் சிங்கப்பூர் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். மலேசியாவில் 265 பேரில் 105 பேர் மாண்டனர். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வகம் பிரித்தெடுத்த கிருமி, அட்லாண்டா ஆய்வகத்தின் துணையுடன் புதிய வைரஸ் என உறுதியாகி, நிப்பா என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரும் அதன் சோதனை முறையும் உலக ஆய்வகங்களுக்குப் பொதுவாயின. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் முதல் நோயாளி இறந்த பின், அதே குடும்பத்தின் இரண்டாம் நோயாளியிடமே மருத்துவர்கள் நிப்பாவை ஐயுற்றனர். மணிப்பால், புனே ஆய்வகங்கள் அதை உறுதிசெய்தன.